கை படும் இடம் தேயட்டும்: சமையலறை அலமாரிக்குப் பழமை ஏற்றும் முறை

பழைய அலமாரி ஒன்றைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், அந்த வீட்டார் அதை எப்படிப் புழங்கினார்கள் என்று சொல்லிவிடலாம். கைப்பிடியைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரியும். காலால் தள்ளிச் சாத்திய கீழ்மூலை மழுங்கியிருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள கதவில் அடிச்சட்டம் மட்டும் உரிந்து கிடக்கும். கீல் இருக்கும் பக்கமோ பூசிய அன்று இருந்தது போலவே இருக்கும். அங்கே யார் கையும் போவதில்லை. புதிய அலமாரிக்குப் பழைய தோற்றம் கொடுக்கும் வேலையில் பாதி, எந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான். அது தெரியாமல் உப்புத்தாளை எடுத்தால், கடைசியில் அலமாரி பழசாகத் தெரியாது, கீறல் விழுந்த புதுசாகத்தான் தெரியும்.

மேலைநாட்டு வீடுகளில் இந்தப் பாணி 1980களின் இறுதியில் பரவியது. ரேச்சல் ஆஷ்வெல் 1989இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 'ஷாபி சிக்' என்ற கடையைத் திறந்தார். வெளுத்த வெள்ளை, தேய்ந்த விளிம்பு, பழைய பூத்துணி என்று அந்தக் கடையின் பெயரே ஒரு பாணிக்குப் பெயராகிவிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆனி ஸ்லோன் 'சாக் பெயிண்ட்' என்ற பெயரில் ஒரு பெயிண்டைக் கொண்டுவந்தார். பளபளப்பே இல்லாமல் உலர்ந்து, உப்புத்தாள் பட்டால் மாவாக உதிரும் பெயிண்ட் அது. இன்று உலகெங்கும் பழமைத் தோற்றத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் அந்த வகைதான்.

மாதிரி தேடி நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கதவும் ஜன்னலும் பெட்டியும் அலமாரியும் அங்கே அடுக்கியிருக்கும். பெயிண்ட் பூசிய சாமான்களாகப் பொறுக்கிப் பாருங்கள். பொங்கலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று ஏறிய பூச்சுகள் விளிம்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். எந்த மூலையில் எந்தப் பூச்சு வரை தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி போக முடியாதவர்கள் ஊரில் உள்ள பழைய வீட்டின் ஜன்னல் சட்டத்தைப் பார்த்தாலும் போதும். இதைச் செய்யாமல் யாரும் பிரஷைத் தொட வேண்டாம் என்பேன்.

அடுத்து, உங்கள் அலமாரி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தேக்கோ வேறு மரமோ என்றால் வேலை எளிது. பெயிண்ட் தேயும் இடத்தில் உண்மையான மரம் தெரியும். வெனீர் ஒட்டிய பிளைவுட்டில் மேல்தோல் மிக மெல்லியது, விளிம்பில் அழுத்தினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பல்லிளிக்கும். எம்.டி.எஃப். பலகையைத் தேய்த்தால் பழுப்புநிறத் தூசும் நாரும்தான் வெளிப்படும். சன்மைக்கா ஒட்டிய கதவில் தேய்த்தால் பிளாஸ்டிக் தெரியும், அதைவிட மோசம் வேறில்லை. கடைசி மூன்றுக்கும் ஒரே வழி: மரநிறத்தில் ஓர் அடிப்பூச்சு கொடுத்து, அதற்குமேல் வேறு நிறம் பூசி, மேல்நிறத்தை மட்டும் தேய்ப்பது. அடிப்பூச்சுக்குக் கீழே உப்புத்தாள் போகவே கூடாது. சன்மைக்காவில் பெயிண்ட் நிற்க வேண்டுமானால் அதன் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் ப்ரைமரைக் கடையில் கேட்டு வாங்கிப் பூச வேண்டும்.

அலமாரியில் ஏற்கெனவே பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்று இந்தியாவில் சட்டவிதி வந்தது 2016இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமல்களில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர வைத்துத் தேய்த்தால் ஈயத்தூசு காற்றில் பரவும். சமையலறையில் அது சாப்பாட்டில் விழும், தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. ஆகவே சந்தேகம் இருந்தால் பழைய பெயிண்டைத் தேய்க்காதீர்கள், சூடுகாட்டி உரிக்காதீர்கள். உரிந்து நிற்கும் செதில்களை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாக எடுத்துவிட்டு, மேலே ப்ரைமர் பூசி மூடிவிடுங்கள். பழமை ஏற்றும் வேலையெல்லாம் அந்த ப்ரைமருக்கு மேலே வரும் புதுப் பூச்சுகளில் நடக்கட்டும்.

இனி வேலை. கதவுகளையும் டிராயர்களையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் கீல் பொருந்தும் குழியில் எண் எழுதி அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அலமாரிச் சட்டத்திலும் அதே எண் இருக்கட்டும். ஒவ்வொரு கதவின் ஸ்க்ரூவும் கீலும் தனித்தனிக் கவரில் போக வேண்டும். பார்க்க ஒரே அளவாகத் தெரியும் கதவுகள் மாட்டும்போது ஒரே அளவாக இருப்பதில்லை.

கழுவுவதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். நம் சமையலறையில் தாளிப்புப் புகை நாள்தோறும் மேலெழும்பி எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கதவிலும் அது இருக்கும். அதன்மேல் பூசிய பெயிண்ட் சில மாதங்களில் தோலாக உரியும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் கதவுகளுக்கு இது போதாது. ஒரு வாளி வெந்நீரில் ஒரு கை வாஷிங் சோடா போட்டு, கையுறை அணிந்து தேய்க்க வேண்டும். சோடா தேக்கைக் கருக்கச் செய்யும் என்பதால் ஊறவிடாமல் உடனே நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். உலர்ந்தபின் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படராமல் முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று பொருள். வார்னிஷ் போட்ட கதவிலும் தண்ணீர் அப்படித்தான் நிற்கும், அங்கே வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துத் துணியில் பிசுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிறகு 120 நம்பர் உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே ஒரு தேய்ப்பு, 220 நம்பரால் இன்னொரு தேய்ப்பு. பழைய வார்னிஷை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை, பளபளப்புப் போனால் போதும். தேய்த்தபின் ஈரத்துணியால் தூசைத் துடைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் பெயிண்டர் வெள்ளை ப்ரைமர் டப்பாவைத் திறக்கப் பார்ப்பார். தடுத்து நிறுத்துங்கள். வெள்ளை ப்ரைமருக்கு மேல் பூசிய நிறத்தைத் தேய்த்தால், நிறத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளைக்கோடு ஒன்று தெரியும். உண்மையில் பழசான சாமானில் அப்படி ஒரு கோடு பெரும்பாலும் இருக்காது. பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பட்டுவிடும். அதற்காக ஒன்றுமே பூசாமலும் விட முடியாது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு, கூடவே கறைச்சத்தும் உண்டு. வெளிர்நிறப் பெயிண்டின் வழியே அந்தக் கறை மஞ்சளும் பழுப்புமாக மேலே கசிந்து வரும். இதற்குச் சரியான மருந்து அரக்கு. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது, ஜார்க்கண்டில் நிறைய விளைகிறது. பாலிஷ் போடுபவர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது அதைத்தான். மரத்தை மறைக்காத அந்தக் கரைசலை மெல்லியதாக ஒரு கோட் பூசினால் கறை மேலே வராது, தேய்க்கும்போது நேராக மரமே தெரியும். வாங்கும்போது மெழுகு நீக்கிய அரக்கா என்று கேட்டு வாங்குங்கள். மெழுகுள்ள அரக்கின்மேல் தண்ணீர் கலக்கும் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. பூசும் முன் தேக்கை ஸ்பிரிட் நனைத்த பனியன் வேஸ்டால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அந்த நேரம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது, பூஜை விளக்கும் எரியக் கூடாது.

அடுத்தது அடிநிறம். ஒரே நிறம் பூசி மரம் வரை தேய்ப்பது ஒரு வகை. இரண்டு நிறம் பூசி, சில இடங்களில் கீழ்நிறமும் சில இடங்களில் மரமும் தெரியவிடுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நம் வீடுகளில் சாமான்கள் அப்படித்தான் பழசாயின. பழைய பெயிண்டை உரிக்காமல் அதன்மேலேயே அடுத்ததைப் பூசினார்கள். செங்காவிக்கு மேல் மங்கிய பச்சை, கருநீலத்துக்கு மேல் தந்தநிறம், பழுப்புக்கு மேல் சாம்பல் கலந்த நீலம் ஆகிய மூன்று ஜோடிகளும் ஏமாற்றாது. பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். பழைய வெள்ளை எதுவும் வெள்ளையாக இருப்பதில்லை, அதில் மஞ்சளோ பழுப்போ கொஞ்சம் ஏறியிருக்கும்.

அடிநிறம் உலர்ந்தபின், எந்த இடத்தில் மேல்நிறம் உரிய வேண்டுமோ அங்கே சாதாரண மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மெழுகு பட்ட இடத்தில் மேல்நிறம் ஒட்டாது. பிறகு பட்டி பார்க்கும் தகட்டால் லேசாகச் சுரண்டினால் செதிலாக விழும். உப்புத்தாளில் வருவது தேய்மானம், மெழுகில் வருவது உரிதல். தண்ணீர் படும் இடத்தில் பெயிண்ட் உரியும், கை படும் இடத்தில் தேயும். ஆகவே தொட்டிக்கு அடியில் உள்ள கதவுகளின் அடிச்சட்டத்துக்கு மட்டும் மெழுகு, மற்ற இடங்களுக்கு உப்புத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்நிறத்துக்குச் சாதாரண எமல்ஷன் மட்டும் போதாது. அது உலர்ந்ததும் ரப்பர் போன்ற படலமாகிவிடும், உப்புத்தாள் பட்டால் சுருண்டு இழுபடும். அதில் சாக் பவுடர், அதாவது கால்சியம் கார்பனேட் தூள், கலந்தால் உலர்ந்த பூச்சு மாவாக உதிரும். ஒரு கப் மேட் எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கு கப் தூள் என்பது நல்ல கணக்கு. தூளை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அதன்பிறகு பெயிண்டில் சேருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்ப்பவர்களும் உண்டு. அது கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும் என்பதால் அரைமணி நேரத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவே கலக்க வேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும் சாக் பெயிண்டை வாங்கினால் இந்த வேலையே இல்லை, செலவுதான் கூடும். ரோலர் வேண்டாம், பிரஷால் பூசுங்கள். பிரஷின் கோடுகள் தெரிவது இங்கே அழகு. மெல்லியதாக இரண்டு கோட். இரவு முழுவதும் உலரட்டும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பூச்சு இறுகித் தேய்க்கக் கை வலிக்கும்.

தேய்க்கத் தொடங்கும் முன் கதவை அதன் இடத்தில் மாட்டிப் பாருங்கள். மேஜையில் படுக்கப்போட்டு மொத்தமாகத் தேய்த்த கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இடது கதவும் வலது கதவும் ஒரே மாதிரி தேய்வது நடக்காத காரியம். மாட்டிய கதவை நீங்களே பத்து முறை திறந்து மூடுங்கள். கட்டைவிரல் எங்கே அழுந்துகிறது, எந்த விரல்நகம் எங்கே உரசுகிறது என்று கவனித்துப் பென்சிலால் லேசாகக் குறியுங்கள். அரிசி, பருப்பு, அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரியைத்தான் நாளுக்குப் பலமுறை திறப்போம், அங்கே நன்றாகத் தேயட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அண்டாவை எடுக்கத் திறக்கும் மேல்கதவில் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுங்கள்.

150 நம்பர் தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு கைப்பிடிப் பக்கத்து விளிம்பில் தொடங்குங்கள். கூர்மையான முனை எதுவும் முதலில் மழுங்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி முழுவட்டமாகத் தேய்க்காதீர்கள், விரல்கள் இழுக்கும் பக்கத்தில் மட்டும் அதிகமாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் தேய்க்க வேண்டும். டிராயர் என்றால் மேல்விளிம்பின் நடுப்பகுதி. கீழ் அலமாரி என்றால் முட்டியும் காலும் இடிக்கும் உயரம். கதவின் நடுப்பலகையில் கையை வைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கதவுகள் தேய்வதைவிட மங்கும், அதை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். மரம் தெரிந்த இடத்துக்கும் முழு நிறம் இருக்கும் இடத்துக்கும் நடுவில் 220 நம்பர் தாளால் மெல்ல இழைத்துவிடுங்கள். அந்த எல்லை கத்தியால் வெட்டியது போல இருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். இரண்டு மூன்று கதவு முடிந்ததும் நிறுத்திவிட்டு, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் தள்ளி நின்று பாருங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும்போலத் தோன்றும் இடத்தில் நிறுத்துவதுதான் சரி. நாளைக்கு உங்கள் வீட்டார் கையே மிச்சத்தைத் தேய்த்துக்கொள்ளும்.

சங்கிலியால் அடித்துப் பள்ளம் போடுவது, ஆணியால் குத்திப் பூச்சி அரித்த துளை செய்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். துளை வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மரத்தில் துளை தெரிந்தால் உளுத்துவிட்டதா, கறையானா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் துளைக்குள் எண்ணெயும் மாவும் சேர்ந்தால் உண்மையான பூச்சியே குடிவரும். பெயிண்டில் வெடிப்பு வரவைக்கும் முறைக்கும் இதே ஆட்சேபம்தான். இரண்டு நிறங்களுக்கு நடுவே வெள்ளைப் பசை பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்நிறத்தை ஒரே இழுப்பில் பூசினால் வெடிப்புகள் அழகாகவே வரும். கூடத்தில் வைக்கும் ஷோகேஸுக்கு அது சரி. சமையலறையில் ஒவ்வொரு வெடிப்பிலும் பிசுக்கு அடையும், துடைக்கத் துடைக்கப் போகாது.

மங்கலுக்கு வருவோம். அடர்பழுப்புப் பெயிண்ட் ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு கலந்து, கதவில் செதுக்கிய கோடுகளிலும் சட்டம் சேரும் மூலைகளிலும் பூசி உடனே துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். துடைக்கும் துணி கிட்டத்தட்ட உலர்ந்ததாக இருக்க வேண்டும், ஈரம் கூடினால் சாக் பூச்சும் சேர்ந்து கரைந்து வரும். அடுப்புப் பக்கத்துக் கதவுகளில் மேல்பாதிக்கு மட்டும் இன்னும் நீர்த்த கலவையை ஒருமுறை தடவித் துடையுங்கள். கலவை எண்ணெய் சேர்ந்ததாக இருந்தால், முக்கியமாக ஆளிவிதை எண்ணெய் சேர்ந்திருந்தால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அது உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள், இல்லையேல் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கடைசிப் பூச்சில் மேலைநாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே சாக் பெயிண்டுக்கு மேல் மெழுகு பூசுவார்கள், மெருகு மிக அழகு. ஆனால் தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குக்கர் ஆவியும் எண்ணெய்ச் சட்டியின் சூடும் படும் இடத்தில் அது இளகிப் புகையையும் தூசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய எதிரி மஞ்சள். மஞ்சளின் நிறமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரோ தாளிப்போ தெறித்தால் எண்ணெய் அந்த நிறத்தைச் சாக் பூச்சின் நுண்துளைகளுக்குள் இழுத்துச் செல்லும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலோ சோப்பின் காரத்தில் கறை சிவப்பாக மாறும்.

ஆகவே தண்ணீர் கலக்கும் வகை பி.யூ. வார்னிஷ், மேட் வகையாகப் பார்த்து, மூன்று மெல்லிய கோட். எண்ணெய் வகை பி.யூ. நாளாக ஆக மஞ்சளாகும், வெளிர்நிறங்களுக்கு ஆகாது. ஒவ்வொரு கோட்டும் உலர்ந்தபின் 320 நம்பர் தாளால் லேசாகத் தடவித் தூசைத் துடைத்து அடுத்ததைப் பூசுங்கள். மரம் வெளியே தெரியும் இடங்களில் இன்னொரு கோட் கூடுதலாகப் போகட்டும், தண்ணீர் அங்கேதான் முதலில் புகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காற்றின் ஈரத்தில் எந்தக் கோட்டும் நேரத்துக்கு உலராது. பொங்கல் கழிந்து தொடங்குவது நல்லது. அதற்காகக் கதவை உச்சிவெயிலில் காயவைக்கவும் கூடாது, நிழலில் காற்றோட்டம் போதும்.

தொட்டால் உலர்ந்திருந்தாலும் பூச்சு முழுமையாக இறுக மூன்று வாரம்வரை ஆகும். அதுவரை ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைக்காதீர்கள், தெறித்தது எதுவானாலும் உடனே ஒற்றி எடுங்கள். கைப்பிடிக்குப் பித்தளைக் குமிழ் பொருத்தமாக இருக்கும், ஆறு மாதத்தில் அதுவும் தானாகக் கறுத்து அலமாரியோடு சேர்ந்துவிடும். மிச்சப் பெயிண்டைச் சிறு பாட்டிலில் மூடி வையுங்கள், எங்கேனும் ஆழமாகக் கீறல் விழுந்தால் தேவைப்படும்.

ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டி காலத்து அலமாரி வீட்டில் இருந்து, அதன் பெயிண்ட் தானாகத் தேய்ந்து பழசாகியிருந்தால், இங்கே சொன்ன வேலை எதையும் அதில் செய்யாதீர்கள். உப்புத்தாள் படாமல் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, நிறமில்லாத பி.யூ. இரண்டு கோட் பூசி, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.